மார்க் வரும்வரை சும்மா இருக்காதீர்கள்

2022-ல் சி.பி.எஸ்.இ. பிளஸ் டூ ரிசல்ட் ஜூலை 22-ம் தேதிதான் வந்தது. தமிழகப் பொறியியல் கவுன்சலிங்கிற்கு விண்ணப்பிக்க ஜூலை 19 கடைசி நாள் என்றிருந்தார்கள். ரிசல்ட் தாமதமானதால் 27 வரை நீட்டித்தார்கள். ஆக, மார்க் வந்தபின் கிடைத்தது ஐந்தே நாள்.

பாளையங்கோட்டையில் எங்கள் தெருப் பையன் ஒருவன் முன்பே பிரவுசிங் சென்டரில் விண்ணப்பத்தைத் தொடங்கி வைத்திருந்தான். கொடுத்த இ-மெயில் முகவரி கடைக்காரருடையது. பாஸ்வேர்டும் அவரிடம்தான். மார்க் வந்த அன்று கடை பூட்டிக் கிடந்தது. திருச்செந்தூர் போயிருந்தாராம்!

ரிசல்ட் தேதி நம் கையில் இல்லை. ஆனால் விண்ணப்பக் கணக்கு நம் கையில்தான் இருக்க வேண்டும் என்பேன். ரிசல்ட் தாமதமானால் அந்தக் கணக்கிற்குள் மறுபடியும் நுழைய வேண்டி வருமே! வீட்டில் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறீர்களா? பிள்ளையின் பெயரிலேயே ஒரு இ-மெயில் முகவரி உருவாக்குங்கள். ஓ.டி.பி. வருவதற்கு வீட்டு செல்போன் எண்ணையே கொடுங்கள். சாதிச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஒரே போல்டரில் போட்டு, பென் டிரைவிலும் ஒரு காப்பி வையுங்கள். பாஸ்வேர்டை டைரியில் எழுதி அம்மாவிடம் கொடுப்பது என் பழக்கம், சிரிக்காதீர்கள்.

அந்தப் பையனுக்கு பாஸ்வேர்ட் கிடைத்தபோது 26-ம் தேதி மாலை ஆகிவிட்டது.