புதிய கார்: வாங்கலாமா, பொறுக்கலாமா?

கார் வாங்க முன்பணம் சேர்ந்து விட்டது. உடனே வாங்குவதா? விலை குறையும் வரை பொறுப்பதா?

2025 ஆகஸ்டு 15-ந் தேதி, ஜி.எஸ்.டி. வரி குறையும் என்று பிரதமர் மோடி டெல்லி செங்கோட்டையில் அறிவித்தார். செப்டம்பர் 22-ந் தேதி சிறிய கார்களின் ஜி.எஸ்.டி. 28 சதவீதத்தில் இருந்து 18 சதவீதம் ஆயிற்று. பொறுத்தவர்களுக்கு லாபம்!

ஆனால் அத்தகைய அறிவிப்பு அடிக்கடி வராது. வதந்தியை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

டிசம்பரில் தள்ளுபடி கிடைக்கும். ஜனவரி பிறந்தால் அது போன வருடத்து வண்டி. சீக்கிரம் விற்க நினைப்பவருக்கு நஷ்டம். பல வருடம் ஓட்டுகிறவருக்கு லாபம்.

எதற்கும் முதலில் வீட்டுக் கணக்கைப் பாருங்கள். தவணை, பெட்ரோல், இன்சூரன்சு போக, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்குப் பணம் மிஞ்சுமா? மிஞ்சினால் இன்றே வாங்கலாம். மிஞ்சாவிட்டால், விலை எவ்வளவு குறைந்தாலும் பொறுங்கள்.