ஒரு யந்திரம், ஒன்பது வேலை, வாடகை யாருக்கு?

"சர்வர் வேலை செய்யவில்லை." ரேஷன் கடையில் விரலை வைத்துவிட்டு நிற்கிற விவசாயத் தொழிலாளியும் இந்தப் பதிலைக் கேட்டிருக்கிறார், பிராவிடண்ட் பண்டு கணக்கைப் பார்க்கப் போன ஆலைத் தொழிலாளியும் கேட்டிருக்கிறார். நம் அரிசியும் பணமும் எங்கோ இருக்கிற ஒரு யந்திரத்தின் தயவில் வந்து நிற்கிற காலம் இது. அந்த யந்திரம் எப்படி ஓடுகிறது, அதை வைத்து யார் சம்பாதிக்கிறார்கள் என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டாமா? "அது படித்தவர்கள் விஷயம், நமக்கெதற்கு?" என்று சில தோழர்கள் ஒதுங்குகிறார்கள். பஞ்சு விலையும் போனஸ் கணக்கும்கூட ஒரு காலத்தில் படித்தவர்கள் விஷயம் என்றுதான் நம்மிடம் சொன்னார்கள்.

சர்வர் என்றதும் ஹோட்டல் சர்வர் ஞாபகத்துக்கு வந்தால் தவறில்லை. வேலை ஏறக்குறைய அதுதான். கேட்டவருக்குக் கேட்டதைக் கொண்டுவந்து வைக்கிற கம்ப்யூட்டருக்கு அந்தப் பெயர். ரேஷன் கடைக் கருவி, "இந்த விரல் ரேகை இந்தக் கார்டுக்கு உரியதா?" என்று கேட்கிறது, சர்வர் பதில் சொல்கிறது.

சுமார் முப்பது வருஷத்துக்கு முன் கம்பெனிகளில் ஒரு வழக்கம் வேரூன்றியது. ஒரு வேலைக்கு ஒரு சர்வர். சம்பளப் பட்டியலுக்கு ஒரு பெட்டி, கடிதப் போக்குவரத்துக்கு ஒரு பெட்டி, சரக்குக் கணக்குக்கு இன்னொரு பெட்டி. இரண்டு வேலைகளை ஒரே பெட்டியில் போட்டால் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும்; ஒன்று படுத்தால் மற்றதையும் இழுத்துக்கொண்டு படுக்கும். ஆகவே பெட்டிகள் பெருகின. ஆனால் அந்தப் பெட்டிகள் உள்ளே என்ன செய்துகொண்டிருந்தன? பல இடங்களில் தங்கள் சக்தியில் நூற்றுக்குப் பத்து, பதினைந்து பங்குதான் உழைத்தன. மிச்ச நேரமெல்லாம் சும்மா. பத்து ஏக்கருக்குப் பாய்ச்சக்கூடிய பம்பு செட்டை ஏக்கருக்கு ஒன்றாகப் பத்து வாங்கி வைத்த கதைதான்.

சும்மா இருந்தாலும் செலவு சும்மா இல்லை. நின்ற தறி கரண்ட் இழுக்காது. சர்வர் அப்படியல்ல. முழு வேகத்தில் ஓடும்போது தின்கிற மின்சாரத்தில் கணிசமான பங்கை, வேலையே இல்லாமல் விழித்துக்கொண்டிருக்கும்போதும் அது தின்றுவிடுகிறது. அது கக்குகிற சூட்டைத் தணிக்கக் குளிர்சாதனம், அதற்கு வேறு மின்சாரம், இதற்கெல்லாம் கட்டடம்.

இந்த விரயத்தை ஒழிக்க வந்ததுதான் 'விர்ச்சுவலைசேஷன்'. ஒரு பெரிய சர்வரின்மேல் ஹைப்பர்வைசர் என்ற ஒரு புரோகிராமை ஏற்றுகிறார்கள். அதை மேஸ்திரி என்று வைத்துக்கொள்வோம். இந்த மேஸ்திரி ஒரே யந்திரத்தைப் பல யந்திரங்களாகக் காட்டுகிறான். ஒவ்வொன்றுக்கும் மெய்நிகர் யந்திரம் என்று பெயர். அதற்குள் ஓடுகிற புரோகிராம், முழு ஆலையும் தனக்கே சொந்தம் என்று நம்பி வேலை செய்கிறது. உண்மையில் மூளையின் நேரத்தை மேஸ்திரி துண்டு துண்டாக அளந்து கொடுக்கிறான். நினைவகத்தைப் பங்கு போடுகிறான். நிஜ யந்திரத்தைத் தொட எவனாவது கையை நீட்டினால் குறுக்கே புகுந்து தானே அந்தக் காரியத்தைச் செய்துகொடுக்கிறான். ஒருவன் அறையில் கலகம் நடந்தால் அடுத்த அறைக்குச் சத்தம் கேட்பதில்லை.

இது புதுச் சரக்கு என்று விளம்பரம் செய்கிறார்கள். புதிதல்ல. அமெரிக்காவில் மாசாசுசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் ஐ.பி.எம். கம்பெனியின் விஞ்ஞான நிலையத்தில் 1967-லேயே இந்த ஏற்பாடு ஓடியது. அன்று ஒரு கம்ப்யூட்டர் யானை விலை. பலர் அதைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. 1972-ல் ஐ.பி.எம். அதை எல்லோருக்கும் விற்கிற சரக்காக அறிவித்தது. பிறகு சின்னக் கம்ப்யூட்டர்கள் மலிந்ததும், பங்கிடுவானேன், இன்னொன்று வாங்கு என்றாகிவிட்டது. மேலே சொன்ன விரயம் அதனால் வந்தது. போதாக்குறைக்கு, அந்த மலிவுக் கம்ப்யூட்டர்களின் இண்டெல் சில்லில் சுமார் பதினேழு கட்டளைகள் மேஸ்திரிக்குத் தெரியாமலே புறக்கடை வழியாகப் போய்வரும் குணமுடையவை. 1998-ல் கலிபோர்னியாவில் ஐந்து பேர் தொடங்கிய வி.எம்.வேர் என்ற கம்பெனி, அத்தகைய கட்டளைகளை ஓட்டத்திலேயே பிடித்து மாற்றி எழுதும் வித்தையைக் கண்டது. 2001-ல் சர்வர்களுக்கான சரக்கை விற்கத் தொடங்கியது. 2005, 2006-ல் சில்லு செய்கிற கம்பெனிகளே அந்தப் புறக்கடையை அடைத்துக் கொடுத்தன.

முதலாளிகள் இதை ஏன் ஓடிப்போய் வாங்கினார்கள்? பெட்டி குறைந்தது, கரண்ட் குறைந்தது, இடம் குறைந்தது. அது மட்டுமா? புது சர்வர் வாங்க வாரக்கணக்கில் ஆகும். மெய்நிகர் யந்திரத்தைச் சில நிமிஷங்களில் உண்டாக்கிவிடலாம். முழு யந்திரமும் ஒரு கோப்பாகச் சுருங்கிவிடுவதால் நகல் எடுத்து வைக்கலாம். ஒரிடத்தில் நெருப்புப் பிடித்தாலும் வேறிடத்தில் எழுப்பலாம். 2003-ல் வந்த ஒரு வசதி நம் நெசவாளிகளுக்கு உடனே புரியும். ஓடுகிற தறியை நிறுத்தாமல், ஒரு இழைகூட அறுபடாமல், பாவை அப்படியே அடுத்த தறிக்கு மாற்றுவதுபோல, ஓடுகிற மெய்நிகர் யந்திரத்தை ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுகிறார்கள். உள்ளே வேலை செய்கிறவருக்கு இடம் மாறியதே தெரியாது. இது மனித மூளையின் பெரிய சாதனை. அதை நாம் குறைத்துச் சொல்லப்போவதில்லை. விரயம் ஒழிவது யாருக்கும் நல்லது.

இரண்டு தறி பார்த்தவரை நாலு தறி பார்க்கச் சொன்ன வேலைப்பளுவும் கூடவே வந்தது என்பதை மட்டும் சொல்லிவிட்டு மேலே போவோம். இந்தப் பெட்டிகளைப் பார்த்துக்கொள்கிற ஊழியர்கள் கழுத்தில் டை கட்டியிருக்கலாம். இந்தக் கணக்கு அவர்களுக்கும் பொருந்தும்.

நாம் கவனிக்க வேண்டிய விஷயம் வேறு. எல்லா வேலையும் ஒரு மேஸ்திரியின் கீழ் வந்துவிட்ட பிறகு, அந்த மேஸ்திரியே யாருடைய ஆள்?

வி.எம்.வேர் கம்பெனியை 2004-ல் இ.எம்.சி. என்ற கம்பெனி 63.5 கோடி டாலருக்கு வாங்கியது. 2016-ல் இ.எம்.சி.யை டெல் வாங்கியது. 2022 மே மாதத்தில் பிராட்காம் என்ற கம்பெனி, வி.எம்.வேரை 6,100 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக அறிவித்தது; 2023 நவம்பரில் வியாபாரம் முடிந்தது. முடிந்த கையோடு ஆயிரத்துக்கு மேற்பட்ட ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியது. டிசம்பரில் அடுத்த உத்தரவு: இனிமேல் சாசுவத உரிமம் கிடையாது, சந்தா மட்டும்தான். இதற்கு என்ன அர்த்தம்? நேற்றுவரை கிரையம், இன்று முதல் குத்தகை. குத்தகை என்றால் என்ன என்பதை நம் கிராமத்துத் தோழர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

ஏற்கனவே கிரையம் வாங்கியவர்கள் தப்பித்தார்களா? அமெரிக்கத் தொலைபேசிக் கம்பெனியான ஏ.டி. அண்டு டி.யின் கதையைப் பாருங்கள். சுமார் 8,600 சர்வர்களில் சுமார் 75,000 மெய்நிகர் யந்திரங்கள் வி.எம்.வேர் புரோகிராமின் கீழ் ஓடுகின்றன என்று அது கோர்ட்டில் சொன்னது. ஒரு பெட்டிக்கு ஏறக்குறைய ஒன்பது. அது சாசுவத உரிமம் வாங்கிய கம்பெனி. ஆனால் பழுதுபார்க்கும் சேவையைத் தொடரவேண்டுமானால் மூட்டையாகக் கட்டிய சந்தாவை வாங்கு என்று பிராட்காம் நிர்ப்பந்தித்ததாக 2024 ஆகஸ்டில் வழக்குப் போட்டது. கேட்ட விலை உயர்வு நூற்றுக்கு 1,050 வீதம் என்று அதன் அதிகாரி எழுதிய கடிதம் கோர்ட்டுக்கு வந்தது. பழைய விலையைப்போல் பதினொன்றரை மடங்கு! பிராட்காம் இந்தக் குற்றச்சாட்டுகளை மறுத்தது. அதே வருஷம் நவம்பரில் இரண்டு பேரும் சமரசமாகிவிட்டார்கள். ஏ.டி. அண்டு டி. ஏழை எளியதல்ல, அதற்காக நாம் கண்ணீர் விடவில்லை. யானைக்கே இந்தக் கதி என்றால் ஒரு முனிசிபாலிடி ஆஸ்பத்திரியின் கதி என்ன என்பதுதான் கேள்வி.

பழுதுபார்க்கும் சேவையை விட்டுத்தள்ளிவிட்டு இருப்பதை வைத்து ஓட்டினால் என்ன என்று கேட்கலாம். 2023 பிப்ரவரியில் நடந்ததை நினைவுபடுத்துகிறோம். இதே வி.எம்.வேர் மேஸ்திரியில் இருந்த ஒரு பழைய ஓட்டை வழியாக உலகெங்கும் ஆயிரக்கணக்கான சர்வர்களில் கொள்ளைக்காரர்கள் புகுந்து கோப்புகளைப் பூட்டுப்போட்டுப் பணம் கேட்டார்கள். அந்த ஓட்டைக்கு ஒட்டு இரண்டு வருஷத்துக்கு முன்பே வந்திருந்தது, போடாதவர்கள் மாட்டினார்கள். ஒரு பெட்டியில் ஒரு வேலை இருந்த காலத்தில் ஒரு பெட்டி போனால் ஒரு வேலை போகும். இப்போது மேஸ்திரி விழுந்தால் ஒன்பதும் விழும். ஆகவே பத்திரம் நம் பேரில் இருந்தும், கிணற்றுக் கயிறு அவர்கள் கையில்.

வேறு வழியே இல்லையா? இருக்கிறது. 2003-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் உருவான ஜென் என்ற மேஸ்திரியும், 2007-ல் லினக்ஸோடு சேர்க்கப்பட்ட கே.வி.எம். என்ற மேஸ்திரியும் திறந்த சரக்குகள். யாரும் எடுத்துப் பார்க்கலாம், திருத்தலாம், காசு கொடுக்காமல் ஓட்டலாம். இவற்றைக் கையாளப் பயிற்சி பெற்ற ஆட்கள் வேண்டும். பழையதிலிருந்து மாறுவதற்குக் காலமும் செலவும் ஆகும். உண்மைதான். ஆனால் வேடிக்கையைக் கேளுங்கள். அமேசான் 2006-ல் கம்ப்யூட்டரை மணிக் கணக்கில் வாடகைக்கு விடத் தொடங்கியது ஜென்னை வைத்து. பின்னால் அது கே.வி.எம்.மை அடிப்படையாகக் கொண்ட சொந்த ஏற்பாட்டுக்கு மாறியது. கூகிளின் வாடகைச் சர்வர்களும் கே.வி.எம்.மில்தான் ஓடுகின்றன. உலகத்துக்கெல்லாம் வாடகைக்கு விடுகிற இந்த மகா மிராசுதார்கள் தங்கள் மேஸ்திரிக்காக எவனுக்கும் வாடகை கொடுப்பதில்லை!

அவர்களுக்குத் தெரிந்த சூட்சுமம் சர்க்கார் இலாகாக்களுக்கும் பொதுத்துறை ஸ்தாபனங்களுக்கும் தெரியக்கூடாதா? அங்கே உயருகிற ஒவ்வொரு சந்தாவும் ஜனங்களின் வரிப்பணம். பாங்க், இன்ஷூரன்ஸ், மின்வாரியத் தொழிற்சங்கங்கள் நிர்வாகத்தின் முன் மூன்று கேள்விகளை வைக்கலாம் என்று நாம் கருதுகிறோம். நம் சர்வர்கள் எந்த மேஸ்திரியின் கீழ் ஓடுகின்றன? ஒப்பந்தம் எந்த வருஷம் முடிகிறது? அது முடிகிற நாளில், கே.வி.எம்.மை எடுத்து ஓட்டத் தெரிந்த நிரந்தர ஊழியர்கள் எத்தனை பேர் நம்மிடம் இருப்பார்கள்?