மடக்கை எடுத்துவிட்டுப் பட்டியலாகச் சிந்திப்பது பற்றி

குறைந்த நிரல் தளங்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம், கட்டங்களை இழுத்து இணைத்தால் போதும், நிரலாக்கச் சிந்தனை தேவையில்லை என்று சொல்லப்படுகிறது. பவர் ஆட்டோமேட்டில் எங்கள் துறைக்கு ஒரு பணியோட்டம் அமைத்த பிறகு இதை என்னால் ஏற்க முடியவில்லை.

வேலை சிறியதுதான். ஆய்வு மாணவர்களின் உதவித்தொகை விவரங்கள் ஓர் எக்செல் அட்டவணையில் இருந்தன. நிலுவை உள்ளவர்களைப் பிரித்து, பெயரும் தொகையும் மட்டும் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். 'அப்ளை டு ஈச்' என்னும் மடக்கை வைத்தேன். அதனுள் ஒரு நிபந்தனை. பெயருக்கு ஒரு மாறி, தொகைக்கு ஒரு மாறி. இரண்டையும் சேர்த்துப் பட்டியலின் இறுதியில் ஒட்டும் ஒரு கட்டம். முடிவு சரியாக வந்தது; ஆனால் ஆமை வேகம். இம்மடக்கு இயல்பாக ஒவ்வொரு வரியாகத்தான் ஓடும். 50 சுற்றுகள் வரை ஒரே நேரத்தில் ஓடவிடும் வசதி அமைப்புகளில் இருக்கக் கண்டு அதை இயக்கினேன்.

மறுநாள் அலுவலக எழுத்தர் அழைத்தார். இரண்டு மாத நிலுவை உள்ள மாணவிக்கு ஐந்து மாதத் தொகை எப்படி வந்தது என்றார். அங்கே மாறி என்பது முழுப் பணியோட்டத்துக்கும் பொதுவானது. ஒவ்வொரு சுற்றுக்கும் தனித்தனியாக இருப்பதில்லை. ஒரு சுற்று எழுதிய தொகையை, அது பட்டியலில் ஒட்டும் முன்பே இன்னொரு சுற்று மாற்றி எழுதியிருக்கிறது. பிழை முழுக்க என்னுடையது. பணம் போயிருந்தால், கூடுதலாகப் பெற்றவரிடம் பிடித்தம் செய்வார்கள். குறைவாகப் பெற்றவர் மாதக்கணக்கில் மனு எழுதிக்கொண்டிருப்பார்.

மடக்கை நீக்கினேன். நிலுவை உள்ள வரிகளைத் தேர 'ஃபில்டர் அரே', பெயரையும் தொகையையும் மட்டும் எடுக்க 'செலக்ட்' என இரண்டே கட்டங்கள். சில நொடிகளில் முடிகிறது. ஆனால் விரைவு எனக்கு இரண்டாம்பட்சம். ஒருவரின் பெயரும் தொகையும் ஒரே வரியிலிருந்து வருகின்றன. இடையில் மாறியே இல்லாததால் கலந்துபோக எதுவும் இல்லை.

ஃபோர்ட்ரானை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கிய ஜான் பேக்கஸே, 1977ஆம் ஆண்டின் டூரிங் விருது உரையில், ஒவ்வொரு மதிப்பாக எடுத்து மாறியில் இட்டு நகரும் இந்தப் பாணியைக் கண்டித்தார். பைத்தானில் லிஸ்ட் காம்ப்ரிஹென்ஷன் 2000ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. நம் வகுப்புகளிலோ அதை நான்கு வரியை ஒரு வரியாக்கும் தந்திரமாகவே கற்பிக்கிறோம். எனக்கும் அப்படித்தான் கற்பிக்கப்பட்டது.

எல்லா மடக்கையும் மாற்றச் சொல்லவில்லை. ஒவ்வொருவருக்கும் தனி மின்னஞ்சல் அனுப்ப மடக்குதான் பொருத்தம். கூட்டுத்தொகை இன்னும் சிக்கல்: அதற்கென நேரடிச் சார்பு இல்லாததால், பட்டியலை எக்ஸ்எம்எல்லாக மாற்றி எக்ஸ்பாத் கொண்டு கூட்டுகிறார்கள். கெட்டிக்காரத்தனந்தான், ஆனால் நான் பட்டம் பெற்றுச் சென்றபின் அந்த வரியை யார் படித்துப் புரிந்துகொள்வது? அங்கே வரிசையாக ஓடும் மடக்கையே விட்டுவைத்தேன்.

மாணவியின் தொகையைத் திருத்தி அனுப்பியாயிற்று. பழைய பணியோட்டத்தை அழிக்கவில்லை. நிறுத்தி மட்டும் வைத்திருக்கிறேன். அடுத்த பருவத்தில் எனக்கு ஆய்வக வகுப்பு இருக்கிறது. முதல் நாள் அதைத்தான் ஓட்டிக் காட்டப் போகிறேன்.