எல்லைக் கல்லுக்கு நிற்காத வெள்ளம்

ஃபெஞ்சல் புயலின்போது, 2024 டிசம்பர் 1 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் திண்டிவனத்துக்கு அருகிலுள்ள மயிலத்தில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஏரிக் கலங்கலில் வழியும் நீர் திண்டிவனம் நகராட்சியின் எல்லைக் கல்லைப் பார்த்து நிற்பதில்லை. மேலே ஊராட்சி வாய்க்காலைத் தூர்வார, கீழே அதே வாய்க்காலின் குறுக்குப் பாலத்தில் நகரத்துக் குப்பை அடைத்துக்கிடந்தால், செலவழித்த பணம் வெள்ளத்தோடு போகும். நீர்ப் பகிர்வு உள்ளிட்ட பொதுவான விஷயங்களைக் கவனிக்க அரசமைப்பின் 74-ஆவது திருத்தம் மாவட்டத் திட்டக் குழுவைத் தந்திருக்கிறது. அதில் குறைந்தது ஐந்தில் நான்கு பங்கினர் ஊராட்சி, நகராட்சிப் பிரதிநிதிகளே.

நகரத்தோடு சேர்ந்தால் ஊரக வேலைத் திட்டம் போகும், வீட்டு வரி ஏறும் என்று கிராமங்கள் அஞ்சுவது நியாயம்தான். ஆனால் அது இணைப்பைப் பற்றிய அச்சம். ஒரே வாய்க்காலைச் செலவு பகிர்ந்து தூர்வார எந்த ஊராட்சியும் தன் பெயர்ப் பலகையைக் கழற்ற வேண்டியதில்லை. திண்டிவனம் நகராட்சியும் சுற்று ஊராட்சிகளும் பருவமழைக்கு முன்பே, புரட்டாசியிலேயே, ஒரே மேசையில் உட்காரட்டும்.