கிரீஸ் கறையும் சங்கீதமும்

"அது இசையா? இரும்புக்கடைச் சத்தம்!" என்று ராக் இசையைப் பற்றி நம் ரசிக சிரோமணிகள் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். கானாவுக்கும் அதே தீர்ப்புத்தான். இரும்புக்கடைச் சத்தம் என்பதை நான் மறுக்கவில்லை. அது எப்படி வசவாகும் என்பதே என் கேள்வி. மந்தாரக்குப்பத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்க எனக்கு உரிமை உண்டு. 1957-ல் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்த பிறகு, இந்த வட்டாரம் இயந்திர இரைச்சலில்தான் சோறு தின்கிறது.

அமெரிக்கக் கதையைச் சற்றுப் பாருங்கள். தென் கலிபோர்னியாவில், கையில் காசில்லாத இளைஞர்கள் பழைய ஃபோர்டு கார்களை வாங்கி, மட்கார்டைக் கழற்றி எறிந்து, கூரையை வெட்டித் தாழ்த்தி, என்ஜினுக்கு வேகம் ஏற்றி, வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டினார்கள். அதுதான் 'ஹாட் ராட்'. 1948-ல் அதற்கென்றே ஒரு பத்திரிகையும் வந்தது. 1954-ல் மெம்பிஸ் நகரத்து சன் ரிக்கார்டு கம்பெனியில் பாடிய எல்விஸ் பிரெஸ்லி அப்போது லாரி டிரைவர். கார்ல் பெர்க்கின்ஸ் குத்தகை விவசாயியின் மகன். வெள்ளை ஏழையின் நாட்டுப்பாட்டும் கறுப்பரின் புளூஸும் கலந்த அந்த இசைக்கு 'ராக்கபிலி' என்று பெயர். அதிலுள்ள 'பிலி', பட்டிக்காட்டான் என்று பொருள்படும் 'ஹில்பில்லி' என்ற வசவிலிருந்து வந்தது! 1955-ல் சக் பெரி என்ற கறுப்பர், வி-8 ஃபோர்டில் காதலியைத் துரத்தும் பாட்டினால் புகழ் பெற்றார். காரும் பாட்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

இனி நம் வீட்டுக்கு வாருங்கள். வடசென்னையின் மீன்பாடி வண்டி எது? மூன்று சக்கர வண்டியில் பழைய ஸ்கூட்டர் என்ஜினைப் பொருத்திய கைத்திறன்தானே! அதே சந்துகளில், சாவு வீட்டில் வளர்ந்தது கானா. ஹாட் ராடும் ராக்கபிலியும் நம்மிடம் இல்லையென்று யார் சொன்னது?

ஒரு வேறுபாடு உண்டு. அங்கே அது பொழுதுபோக்கு, இங்கே பிழைப்பு. அங்கே 1951-ல் தேசியச் சங்கம் அமைத்து, தெருவில் பறந்தவர்களைப் பந்தயத் திடலுக்கு அழைத்து ஒழுங்கு கற்பித்தார்கள். இங்கே 2019-ல் சுப்ரீம் கோர்ட், கம்பெனி செய்த அமைப்பை மாற்றக் கூடாதென்றது. பிரேக் இல்லாத வண்டிக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. உயிருக்குப் பாதுகாப்பு வேண்டும். ஆனால் அந்தக் கைத்திறனைச் சோதித்து, திருத்தி, சான்று கொடுக்க ஒரு வழி வேண்டாமா? தடுக்கத் தெரிந்த நமக்கு வளர்க்கத் தெரியவில்லை.

மறுபக்கம், நம் வெயிலில் தோல் சட்டை மாட்டிக்கொண்டு மெம்பிஸ் காரைப் பாடுகிற கனவான்கள்! சட்டையை வாங்கியவர்கள் கிரீஸ் கறையை வாங்க மறந்தார்கள். 2018 ஜனவரியில், பா. ரஞ்சித்தின் முயற்சியால் சென்னையில் மேடையேறிய 'கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு கானாவையும் ராக்கையும் ஒன்றாக முழக்கியது. சொந்த மண்ணில் காலூன்றிக் கடன் வாங்குவது அப்படித்தான்.

மந்தாரக்குப்பத்து ஒர்க்ஷாப்பில் ஸ்பானர் பிடிக்கும் பையன் தகர டப்பாவில் தாளம் போட்டால், "வேலையைப் பாருடா!" என்று அதட்டாதீர்கள், ஐயா. அவன் பார்ப்பதும் வேலைதான்.