லில்லியும் அழுக்கணவனும்

லில்லியின் மொட்டுத் தண்டு இலைகளிடையே தலைகாட்டும் நாளிலேயே அதன் பகைவனும் வந்து சேர்ந்துவிடுகின்றான். மொட்டின் கழுத்தையும் குருத்திலையின் உட்புறத்தையும் சற்றே விலக்கிப் பாருங்கள். கடுகினும் சிறியனவாய், பச்சை நிறத்தும் கருநிறத்தும், அசையாது குந்தியிருக்கும் ஒரு கூட்டத்தைக் காண்பீர்கள். அழுக்கணவன் என்று நம்மவர் பெயரிட்ட பூச்சி இதுவே. மிளகாய்த் தோட்டக்காரருக்கு இது பழகிய பகை. பூந்தோட்டக்காரரோ பூ கோணலாய் மலர்ந்த பின்னரே இதனைத் தேடுகின்றனர்.

நம் முற்றங்களில் லில்லி என வழங்கும் செடிகள் பல உண்மை லில்லிக் குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல என்பதைத் தாவரவியல் கற்கும் மாணவர் அறிவர். சாடிகளிற் பெருஞ்செம்பூ ஏந்தும் செடியின் இனம் தென்னமெரிக்காவுக்கு உரியது. உண்மை லில்லி நுவரெலியாவின் குளிரையே விரும்பும். சாறுறிஞ்சும் பூச்சி இவ்வேற்றுமையைப் பாராட்டுவதில்லை.

அழுக்கணவன் இலையைக் கடித்துத் தின்பதில்லை. ஊசி போன்ற தன் வாயுறுப்பை இழையங்களினூடே செலுத்தி, உணவு செல்லும் உரியக் குழாயைத் தொடுகின்றது. அச்சாற்றில் வெல்லம் மிகுதி, புரத உணவுக்கு வேண்டிய பொருள் குறைவு. ஆதலால் வேண்டியதைப் பெறுதற்கு அளவுக்கு மிஞ்சிக் குடித்து, மிகுந்த வெல்லத்தைப் பாகாக வெளியேற்றுகின்றது. இப்பாகை நாடி எறும்பு வரும். இலையிற் படிந்த பாகின்மீது கரும்பூஞ்சணம் வளரும். செடியில் எறும்பு நிரையாய் ஏறுமானால் அதனை மட்டும் விரட்டி அமையாதீர். எறும்பு அழுக்கணவனை மேய்க்கும் இடையன். அதன் பகைப் பூச்சிகளைத் துரத்திக் காவல் செய்வதும் அதுவே.

இதன் பெருக்கமே பெருவியப்பு. ஜெனீவாவைச் சேர்ந்த சார்ள்ஸ் பொனே என்பார் 1740ஆம் ஆண்டில், தமது 20ஆவது வயதில், அப்போதே பிறந்த ஓர் அழுக்கணவனைத் தனியே ஒரு கண்ணாடிக் கலத்தினுள் அடைத்து வளர்த்தார். ஆண் துணை எதுவுமின்றி அது ஏறக்குறைய ஒரு மாதத்தில் 95 குஞ்சுகளை ஈன்றது. குஞ்சின் வயிற்றினுள்ளே அடுத்த தலைமுறை உருவாகத் தொடங்கிவிடுவதால், வெப்பமான காலத்தில் ஒரு வாரமளவில் அக்குஞ்சும் தாயாகிவிடும். நெருக்கம் மிகுந்தால் இறகு முளைத்தவை பிறந்து அயற் செடிக்குப் பறக்கும்.

சாறு போவது சிறு நட்டமே. பெரு நட்டம் அவ்வூசி முனையிற் செல்லும் வைரசு நோய். வெள்ளரித் தேமல் வைரசு வெள்ளரி, மிளகாய், லில்லி முதலிய பலவற்றையும் பற்றும். நோயுற்ற செடியைச் சில கணம் சுவைத்த அழுக்கணவன் அடுத்த செடிக்கு அதனைக் கொண்டு சென்றுவிடும். இலையில் வெளிறிய கோடுகள், சுருண்ட குருத்து, திரிந்த இதழ் என்பன அடையாளங்கள். இதற்கு மருந்து இல்லை. கிழங்கிலும் நோய் தங்குவதால், அதிலிருந்து பிரித்த பக்கக் கிழங்கை அயலவருக்கு அன்போடு கொடுப்பதும் நோயைக் கொடுப்பதேயாகும். ஆண்டுதோறும் பூத்த செடியாயினும், பாட்டியார் நட்டதாயினும், கிழங்கோடு அகழ்ந்து எரித்துவிடல் வேண்டும். இது மனத்துக்கு ஒவ்வாத வேலைதான். தாமதித்தால் அயற் சாடிகளும் போய்விடும்.

நோய் தொடாத செடியைக் காப்பது எளிது. காலையில் இலையின் அடிப்புறத்தில் நீரை விசையோடு பீச்சுங்கள். வீழ்ந்தவற்றுட் பல மீண்டும் ஏறமாட்டா. எஞ்சியவற்றுக்கு ஒரு லீற்றர் நீரில் ஒரு தேக்கரண்டி நீர்ச் சவர்க்காரம் கலந்து, வெயில் தணிந்தபின் தெளிக்கலாம். முதலில் ஓர் இலையிற் பரீட்சித்து, கருகாவிடிற் செடி முழுவதும் நனையுங்கள். மேனியிற் பட்ட பூச்சியே சாகும், உலர்ந்தபின் பயனில்லை. ஆகவே ஐந்தாறு நாட்களுக்கு ஒருமுறை திரும்பச் செய்தல் வேண்டும். வேப்பம் பருப்பு 50 கிராமை இடித்து ஒரு லீற்றர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்து வடித்த சாறும் நன்று. புகையிலை அவித்த நீரைத் தெளிக்கும் பழைய வழக்கத்தை நான் ஆதரியேன். அதிலுள்ள நிக்கொற்றின் தோலினூடாகவும் உடலிற் சேரும் நஞ்சு. பிள்ளைகள் ஓடியாடும் முற்றத்துக்கு அது வேண்டாம்.

யூரியாவை அள்ளிச் சொரிவதும் ஆகாது; மென்மையான கொழுந்து மிகுந்தால் அழுக்கணவனுக்கு விருந்தாகும். பொறிவண்டையும், முதலைக் குட்டி போன்ற அதன் புழுவையும் கண்டால் நசுக்காது விடுங்கள். அப்புழுவைப் பீடையென எண்ணிக் கொல்பவர் பலர். அது உலாவும் செடிக்குச் சில நாள் சவர்க்கார நீரும் வேண்டாம்.

கைவில்லை வைத்திருக்கும் மாணவர் பொனேயின் சோதனையைத் தாமும் செய்து பார்க்கலாம். நீர்ச் சீசாவிற் செருகிய கிளையில் பருத்த அழுக்கணவன் ஒன்றை மட்டும் விட்டு, மெல்லிய துணியால் மூடி, நாள்தோறும் எண்ணிக் குறித்து வாருங்கள். முடிந்ததும் கிளையைச் சவர்க்கார நீரில் அமிழ்த்தி விடுங்கள்.