நாவின் குற்றமா, நாட்டின் குற்றமா?

“வாயைக் கட்டுங்கள், நோய் தானே அகலும்.” நீரிழிவு, குருதியமுக்கம், மாரடைப்பு ஆகியன பற்றி நம்மிடையே நிகழும் சொற்பொழிவுகளின் சாரம் இவ்வளவே. மேடையேறும் பெரியவர்கள் இதனைக் கூறுகின்றனர். பத்திரிகைகளின் ஞாயிறு மலர்கள் இதனையே வாரந்தோறும் எழுதுகின்றன. நோய்க்குக் காரணம் நாவடக்கம் இன்மை, பரிகாரம் நாவடக்கம். இவ்வுபதேசத்தில் ஓரளவு உண்மை உண்டென்பதை யாரும் மறுக்கவில்லை. ஆயின், அரை உண்மை சில வேளைகளில் முழுப் பொய்யினும் தீங்கு பயப்பதாகும். தலைமுறை தலைமுறையாக வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டி வாழ்ந்த மக்களை நோக்கி ‘வாயைக் கட்டு’ என்று போதிப்போர், அம்மக்களின் சோற்றுப் பானையை ஒருமுறையேனும் திறந்து பார்த்ததுண்டா?

நிலைமை எத்தகையது என்பதை முதலில் நோக்குவோம். இலங்கையில் நிகழும் மரணங்களில் நூற்றுக்கு 83 வரையானவை தொற்றா நோய்களால் நிகழ்கின்றன என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் மதிப்பிட்டது. 2005-06இல் நாடளாவிய ஆய்வொன்று, 20 வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு 10 பேருக்கு நீரிழிவு உண்டெனக் கண்டது. 2018-19இல் நடந்த மற்றோர் ஆய்வு வளர்ந்தோரில் நூற்றுக்கு 23 பேர் எனக் கண்டது. அளவிட்ட முறைகளில் வேறுபாடு இருக்கலாம்; மக்களின் ஆயுள் நீண்டமையும் ஒரு காரணமாகலாம். அவற்றையெல்லாம் கழித்துப் பார்ப்பினும் ஒரு வினா எஞ்சுகின்றது. பதின்மூன்று ஆண்டுகளுள் ஒரு நாட்டின் நா முழுவதும் அடக்கத்தை இழந்துவிட்டதா? ஒரு மனிதன் நோயுற்றால் அவனுடைய பழக்கத்தைக் கேட்கலாம். ஒரு சமுதாயமே நோயுற்றால் அச்சமுதாயத்தின் அமைப்பையன்றோ கேட்டல் வேண்டும்!

இதற்கு விஞ்ஞான வரலாறு நல்லதொரு சான்று தருகின்றது. 1890களில் ஜாவாத் தீவின் பத்தாவியா நகரில் பெரிபெரி என்னும் நோய் போர்வீரரையும் சிறைக் கைதிகளையும் கொன்றுகொண்டிருந்தது. ஒல்லாந்த வைத்தியர்கள் கிருமியைத் தேடினர். கிறிஸ்தியான் எய்க்மன் என்பவரோ, தீட்டிய அரிசிச் சோறு தின்ற கோழிகள் கால் முடங்கி விழுவதையும், தீட்டாத அரிசி தின்றவை நலமாயிருப்பதையும் கண்டார். ஆலை அகற்றிய தவிட்டிலேதான் உயிர்காக்கும் சத்து இருந்தது. பிற்காலத்தார் அதற்குத் தயமின் எனப் பெயரிட்டனர். எய்க்மனுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கைதிகளைப் பார்த்து, ‘உணவிற் கவனம் இல்லாதவர்கள்’ என்று எவரேனும் ஏசினால் அது எத்துணை மடமை! அவர்கள் தின்றது அவர்கள் தெரிந்தெடுத்த உணவன்று. அவர்களுக்கு இடப்பட்ட உணவு.

இன்று நம் தட்டில் விழுவதும் பெரும்பாலும் இடப்பட்ட உணவே. தவிடும் நாரும் போக்கப்பட்ட வெள்ளை அரிசி, வெள்ளை மா, வெள்ளைச் சீனி ஆகிய மூன்றுமே ஏழையின் பசியை மலிவாக அடக்குவன. நார் நீங்கிய மாப்பொருள் விரைவிற் சமித்துக் குருதியிற் சீனியாகின்றது. அதனை அடக்கச் சதையி மேன்மேலும் இன்சுலினைச் சுரக்கின்றது. பருப்பும் மீனும் கீரையும் குறைந்து இம்மூன்றுமே நாளும் வேளையும் வயிற்றை நிரப்பினால், சுரப்பது தளர்கின்றது. சுரந்ததற்கும் உடல் இணங்க மறுக்கின்றது. நீரிழிவு என்பது பெரும்பாலும் இவ்வாறே உருவாகின்றது.

கோதுமையை எடுத்துக்கொள்வோம். இத்தீவில் அது விளையும் பயிரன்று, கப்பலேறி வருவது. 1942இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. கோதுமை மா பங்கீட்டுப் பொருளாயிற்று. போர் முடிந்தது, மா போகவில்லை. 1980இல் திருகோணமலைத் துறைமுகத்திற் பேராலை எழுந்த பின்னர், பாணும் ரொட்டியும் நாட்டின் மூலை முடுக்கெல்லாம் நிலைபெற்றன. மலையகத்தின் லயங்களில் விடியுமுன் எழுந்து, பிள்ளைகளை ஆயத்தப்படுத்தி, பெரட்டுக்கு நேரத்துக்குப் போய்ச் சேரவேண்டிய பெண், மாவைப் பிசைந்து ரொட்டி சுடுகிறாள். விறகு குறைவு, நேரம் குறைவு, மலைக்குக் கொண்டுபோகவும் எளிது. சீனியிட்ட சாயத்தண்ணீர் அதற்குத் துணை. நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவாகவேண்டும் என்று அவள் 2015 முதல் வீதியில் நின்று கேட்டாள். அது கிடைத்தது 2021இல். அதற்குள் அந்த ஆயிரம் பழைய ஆயிரமாக இருக்கவில்லை. அந்த ரொட்டியை உருட்டுவது அவள் கை; அதன் அளவையும் குணத்தையும் தீர்மானிப்பது அவளுடைய கூலி.

இதனினும் கொடிய செய்தி ஒன்றுண்டு. நாட்டின் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியிருந்தனர் என்றும், தோட்டப்புறங்களில் அத்தொகை நூற்றுக்கு 32 என்றும் 2016ஆம் ஆண்டின் அரசாங்கக் குடித்தொகை சுகாதார ஆய்வு காட்டியது. இப்பிள்ளைகளின் பசிக்கும் நீரிழிவுக்கும் என்ன தொடர்பு என வாசகர் வினவலாம். தொடர்பு உண்டு. எடை குறைந்து பிறந்தோர் பிற்காலத்தில் மாரடைப்புக்கும் நீரிழிவுக்கும் கூடுதலாக ஆளாகின்றனர் என்பதை டேவிட் பார்க்கர் என்னும் ஆங்கில வைத்தியர் 1980களின் பிற்பகுதியிலிருந்து ஆராய்ந்து காட்டினார். 1944-45 மாரிக்காலத்தில் நாஜிப் படைகளின் முற்றுகையால் ஒல்லாந்து பட்டினியில் வாடியது. அப்போது கருவிலிருந்தோர் நடுவயதடைந்தபோது, அவர்களுடைய உடல் சீனியை ஆளும் வலுவிற் குன்றியிருந்தது. தாயின் பசியைக் கருவிலேயே உணரும் உடல், பஞ்சத்துக்கு ஏற்றதாகத் தன்னை அமைத்துக்கொள்கின்றது. அவ்வுடலுக்குப் பின்னர் மலிவான மாவும் சீனியும் வந்து குவிந்தால் அது தாங்குவதில்லை. ஆகவே பட்டினியும் நீரிழிவும் ஒன்றுக்கொன்று பகையல்ல. ஒரு வறுமை பெற்ற இரு பிள்ளைகள். நாற்பது வயதில் மருந்துச் சீட்டோடு வரிசையில் நிற்பவனின் நோய், அவன் தாய் பட்டினி கிடந்த நாளிலேயே தொடங்கியிருக்கலாம்.

நாவடக்கம் போதிக்கும் அரசுகள் தாம் எவ்வளவு அடக்கம் காட்டின? 2016இல் இனிப்புப் பானப் போத்தல்களுக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை அடையாளம் கட்டாயமாயிற்று. 2017 இறுதியில் அப்பானங்களின் சீனிக்குக் கிராமொன்றுக்கு 50 சதம் வரி விதிக்கப்பட்டது. நல்ல செயலே. மறு ஆண்டே அவ்வரி குறைக்கப்பட்டது. 2020 ஒக்டோபரில் இறக்குமதிச் சீனிக்குக் கிலோவொன்றுக்கு 50 ரூபாவாக இருந்த தீர்வை 25 சதமாக்கப்பட்டது. மக்களுக்குச் சீனி மலிந்ததா? இல்லை. அரசிறைக்கு ஏறத்தாழ 1,600 கோடி ரூபா இழப்பு என்றும், அதன் பயன் நுகர்வோரைச் சேரவில்லை என்றும் பாராளுமன்றத்தின் நிதிக் குழுவே கண்டது. ஏழையின் தேநீர்க் கோப்பையைச் சுட்டிக்காட்டும் விரல்கள், அந்தக் களஞ்சியங்களை நோக்கி எத்தனை முறை நீண்டன?

2022 செப்டெம்பரில் கொழும்பில் உணவின் விலை, முந்திய ஆண்டின் அதே மாதத்தைவிட நூற்றுக்கு 94.9 வீதம் உயர்ந்திருந்தது. அந்நாட்களில் முட்டையும் மீனும் பருப்பும் பாலும் எத்தனை வீட்டுச் சமையலிலிருந்து மறைந்தன! அவ்வேளையிலும் ‘ஐந்து நிறக் காய்கறி உண்ணுங்கள்’ என்ற புத்திமதி ஓயவில்லை. இதனை அறியாமை என்பதா, கொடுமை என்பதா?

இனி, வேறொரு சாரார் உளர். “முன்னோர் குரக்கனும் வரகும் ஒடியற் கூழும் உண்டனர், நோயறியாது வாழ்ந்தனர், அவ்வழி திரும்புவோம்” என்பர். குரக்கன் நல்ல உணவு. தீட்டாத சிவப்பரிசியும் முருங்கையிலையும் நல்லனவே. ஆனால், நோயறியாத பொற்காலம் என்பது கட்டுக்கதை. 1934-35இல் மலேரியா இத்தீவில் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் குடித்தது. ஏற்கெனவே பட்டினியால் நைந்த உடல்களையே அது முதலில் வீழ்த்தியது. அதனை உணர்ந்த சூரியமல் இயக்கத்து இளைஞர் மருந்தோடு பருப்பையும் சுமந்து கிராமங்களுக்குச் சென்றனர். கேகாலைப் பகுதி மக்கள் என். எம். பெரேராவைப் ‘பருப்பு மாத்தயா’ என்றே அழைத்தனர். அவர்கள் நோயாளியிடம் ஒழுக்கம் போதிக்கவில்லை, உணவு கொடுத்தனர். இன்றைய பழம்பெருமைக்காரரோ பட்டணத்துக் கடைகளிற் பொதிசெய்து விற்கும் குரக்கன் மாவைக் காட்டிக் கூலியாளைப் பார்த்து, ‘மரபை மறந்தாய்’ என்கின்றனர்.

அரிசியின் அரசியலை இந்நாட்டு மக்கள் அறியாதவரல்லர். 1953இல் கொத்தரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, ஓகஸ்ட் 12ஆம் நாள் ஹர்த்தாலில் நாடே எழுந்தது. பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். அன்று போராட்டம் சோற்றின் அளவுக்காக. இன்று அது சோற்றின் குணத்துக்காகவும் நடைபெறவேண்டியுள்ளது.

எனவே நாம் கேட்கவேண்டியவை யாவை? உழைப்பவன் குடும்பம் பருப்பும் மீனும் கீரையும் வாங்கத்தக்க கூலி. தீட்டாத அரிசியும் பயறும் கூட்டுறவுக் கடையிற் கட்டுப்படியாகும் விலையில். கருவுற்ற தாய்க்குச் சலுகையாகவன்றி உரிமையாகச் சத்துணவு. பாடசாலைப் பிள்ளை ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் ஒருவேளை நல்லுணவு. சீனிப் பானத்தின் மீது குறையாத வரி, அவ்வரிப் பணம் அப்பிள்ளைகளின் தட்டுக்கே.

ஆசிரியர்களே, மாணவர்களே! விஞ்ஞான பாடத்தில் ‘நிறையுணவு’ என்னும் அத்தியாயம் வரும்போது பாடநூற் படத்தோடு நின்றுவிடாதீர்கள். அப்படத்திலுள்ள ஒவ்வொரு பொருளுக்கும் அன்றைய சந்தை விலையைக் கரும்பலகையில் எழுதுங்கள். அருகே ஒரு நாட்கூலியை எழுதுங்கள். கழித்துப் பார்க்கும்படி பிள்ளைகளைக் கேளுங்கள். எஞ்சும் எண்ணைக் கண்ட பிள்ளை தன் தாயின் நாவைக் குற்றங்கூறாது. யாரைக் கேட்கவேண்டுமென்பதை அது தானே அறிந்துகொள்ளும்.